ஒரகடத்தில் ஒரு ஃபோன் பைத்தியம்!

எனக்கு ஒரு வியாதி உண்டு. சர்க்கரை, பிரஷர் இல்லை. புது ஃபோன் டப்பாவைத் திறக்கும்போது மேல்மூடி தன் கனத்திலேயே மெள்ள மெள்ளக் கீழே இறங்குமே, 'புஸ்ஸ்' என்று... அந்த மூன்று விநாடிக்காக மாதச் சம்பளத்தைக் கொடுக்கிற வியாதி. இருபது வருஷமாக இருக்கிறது. மருந்து இல்லை. இ.எம்.ஐ. மட்டும் இருக்கிறது.

வேலை ஒரகடத்தில். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும், சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம். ஒரு பக்கம் ரெனோ-நிஸான், இன்னொரு பக்கம் டெய்ம்லர், அந்தாண்டை ராயல் என்ஃபீல்ட், அப்பல்லோ டயர்ஸ். இந்தப் பெரிய யானைகளுக்கு நடுவே, கார்களுக்கான இரும்புப் பட்டைகள் அடித்துக் கொடுக்கும் ஒரு சிறிய எலி எங்கள் கம்பெனி. அதில் நான் ஸ்டோர்ஸ் உத்தியோகஸ்தன். ஆபீஸில் எனக்கு 'செல்'வம் என்று பெயர். நிஜப் பெயர் வேறு. அதை மானேஜரே மறந்துவிட்டார்.

யாராவது ஃபோன் வாங்கணும் என்றால் என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். "ஸார், பதினஞ்சாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்க." நான் கண்ணை மூடிக்கொண்டு பிராஸஸர், ராம், பேட்டரி, கேமரா எல்லாம் ஒப்பிப்பேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் மச்சினன் சொன்ன ஃபோனை வாங்கிக்கொண்டு வருவார்கள்.

ஆரம்பம் என்னவோ சாதுவாகத்தான் இருந்தது. 2005-இல் செகண்ட் ஹாண்டில் ஒரு நோக்கியா 1100. தலையில் டார்ச் வைத்த அந்தக் கறுப்பு வெள்ளை ஃபோனை உங்களில் பாதிப் பேர் வைத்திருந்திருப்பீர்கள். உலகம் பூராவும் 25 கோடிக்கு மேல் விற்றது. பவர்கட் நேரத்தில் எங்கள் வீட்டில் அம்மா சாம்பாருக்கு உப்புப் போட்டது அந்த வெளிச்சத்தில்தான். கிணற்றில் விழாத குறையாக எல்லா இடத்திலும் விழுந்திருக்கிறது. மூன்று துண்டாகப் பிரியும். சேர்த்து அமுக்கினால் உயிர் வந்துவிடும்.

2007 ஆகஸ்டில் ஒரு கலாட்டா ஞாபகம் இருக்கிறதா? நோக்கியாவின் பி.எல்-5சி பேட்டரிகளில் ஜப்பானின் மாட்சுஷிடா கம்பெனி செய்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சூடாகலாம் என்று எச்சரிக்கை வந்தது. அன்றைக்கு பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், எல்லோரும் ஃபோனை உரித்து பேட்டரியின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பொடி எழுத்துத் தெரியாமல் எங்கள் தாத்தா, எதற்கு வம்பு என்று ஃபோனை மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மாடு என்ன பாவம் செய்தது என்று பாட்டி கேட்டாள்.

2008 ஆகஸ்டில் ஐஃபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது. விலை 31,000 ரூபாய். என் சம்பளம் 7,500. ஷோரூமுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன். காசு கேட்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து போனேன். நான்காவது வாரம் ஷோரூம் பையன், "ஸார், நீங்க வாங்கப் போறீங்களா, இல்ல வேலைக்குச் சேரப் போறீங்களா?" என்றான்.

அந்தக் கோபத்தில் பர்மா பஜாரில் ஒரு சீனத்து ஃபோன் வாங்கினேன். இரண்டு சிம், நாலு ஸ்பீக்கர், ஏரியல் இழுத்தால் டி.வி. பாட்டுப் போட்டால் தெருக்கோடி அம்மன் கோயிலில் கேட்கும். ஒரே ஒரு குறை, அதற்கு ஐ.எம்.இ.ஐ. நம்பர் கிடையாது. ஒவ்வொரு ஃபோனுக்கும் பிறக்கும்போதே கொடுக்கிற 15 இலக்க நம்பர் அது; திருடு போனால் கண்டுபிடிப்பதற்கு. அது இல்லாத ஃபோன்களுக்கு 2009 டிசம்பர் 1 முதல் இணைப்புக் கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அப்புறம் 199 ரூபாய் கொடுத்தால் நம்பர் ஏற்றித் தருகிறோம் என்று கடைகளில் ஏற்பாடு செய்தார்கள். க்யூவில் நின்றேன். முப்பது வயதில் பர்த் சர்ட்டிஃபிகேட் வாங்கப் போனவன் மாதிரி அந்த ஃபோன் கையில் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது.

டாப்லெட் கதை இன்னும் மோசம். 2011 அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் கபில் சிபல் 'ஆகாஷ்' என்ற டாப்லெட்டை வெளியிட்டார். ஏழு அங்குலத் திரை. உலகத்திலேயே மலிவு என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆகாஷ் எனக்கு எட்டவில்லை. அதே தினுசில் ரிச்சி தெருவில் வேறொன்று வாங்கினேன். (கம்பெனி பெயர் வேண்டாம். கம்பெனியே இப்போது இருக்கிறதோ என்னவோ.) வீட்டுக்கு வந்து விரலால் தடவுகிறேன், அசையவில்லை. கட்டை விரலால் அழுத்தினேன், ஒரு 'அ' விழுந்தது. 'அம்மா' என்று அடிப்பதற்குள் அம்மாவையே நேரில் கூப்பிட்டிருக்கலாம்.

விஷயம் என்னவென்றால், அந்த மலிவுத் திரையில் இரண்டு மெல்லிய தகடுகள் நடுவே துளி இடைவெளி விட்டு இருக்கும். அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டும். அப்போதுதான் தொட்டது அதற்குத் தெரியும். நல்ல ஃபோன்களின் கண்ணாடியில் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை பரவியிருக்கும். நம் விரல் மின்சாரம் கடத்தும் சமாசாரம் என்பதால், பட்ட இடத்தில் கணக்கு மாறுகிறது. அழுத்தவே வேண்டாம். ஸ்டோர்ஸில் ரப்பர் கையுறையோடு நான் ஃபோனை எடுக்கப் பார்க்கும்போது மானேஜரின் கால் கட்டாகிப் போவது இதனால்தான். அவர் நம்பமாட்டேன் என்கிறார்.

* * *

இதெல்லாம் வாங்குகிறவன் கதை. நடுவில், செய்கிறவர்கள் என் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பது எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று.

2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியை ஆரம்பித்தது. அதன் உலகத் தொழிற்சாலைகளிலேயே பெரியவற்றில் ஒன்றாக வளர்ந்தது. நல்ல நாளில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அதிகாலை நாலரை மணிக்குக் கிராமத்து மெயின் ரோட்டில், தலையில் பூவும் கையில் டிபன் பாக்ஸுமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் இந்தப் பக்கத்துக்கே அப்போது புதுக்காட்சி. 'நோக்கியாவில் வேலை' என்று சொன்னால் கல்யாண மார்க்கெட்டில் தனி மரியாதை.

அதே வருஷங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து, "நோக்கியா அவுட் ஸார்! இனிமே ஆண்ட்ராய்டுதான்! பட்டன் ஃபோனை மியூசியத்துல வைங்க!" என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். கைதட்டல் கூட வாங்கியிருக்கிறேன்.

2013 செப்டம்பரில் மைக்ரோஸாஃப்ட், நோக்கியாவின் ஃபோன் வியாபாரத்தை வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாறியது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் வரித் தகராறில் மாட்டிக்கொண்டதால் அந்தச் சாப்பாட்டு இலையில் பரிமாறப்படவில்லை. ஆர்டர் வற்றியது. ஆயிரக்கணக்கான பேர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே வந்தார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. பிற்பாடு, சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி அந்த வளாகத்தை வாங்கி மறுபடி விளக்கேற்றியது வேறு விஷயம்.

என் கேன்டீன் பிரசங்கத்தால் நோக்கியா விழுந்தது என்று சொல்லவரவில்லை. அவ்வளவு செல்வாக்கு இருந்தால் எனக்கு எப்போதோ இன்க்ரிமென்ட் வந்திருக்கும். ஆனால் அந்த நவம்பரில் நாலரை மணி பஸ் நிறுத்தங்களில் கூட்டம் குறைந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை. புது மாடலுக்கு எத்தனை மெகாபிக்சல் என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் 2015-இல் லெனோவோ, ஸ்ரீபெரும்புதூரில் ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் ஆலையில் ஃபோன் செய்ய ஆரம்பித்தது. முதலில் மோட்டோ ஈ. நான் விடுவேனா? ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பார்சல் எங்கே வருகிறது என்று தினம் நாற்பது தடவை பார்ப்பது என் வழக்கம். முதல் நாள் வேறு மாநிலத்தில் ஒரு கிடங்கில் இருந்தது. இரண்டாம் நாளும் அங்கேயே. மூன்றாம் நாள் லாரி ஏறியது. நான்காம் நாள் சென்னை. ஐந்தாம் நாள் படப்பைக்கு வந்து, வீடு பூட்டியிருந்ததாகச் சொல்லித் திரும்பிப் போயிற்று. (வீட்டில் என் மனைவி, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு நாய்!) ஆறாம் நாள் கையில் கிடைத்தது. ஆசையோடு திருப்பிப் பார்த்தால், டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் விலாசம்: ஸ்ரீபெரும்புதூர்.

என் ஸ்டோர்ஸ் ஜன்னலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். சைக்கிளில் போய்க் கொடுத்திருந்தாலும் ஒரு மணி நேரம்!

"என்னங்க, பொண்ணு பக்கத்துத் தெருவாம், நீங்க காசி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி.

ஐஃபோன் விஷயத்தில் இந்த வேடிக்கை இன்னும் பெரிசு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கானில் 2019-இல் ஐஃபோன் எக்ஸ்ஆர், 2020-இல் ஐஃபோன் 11, 2022-இல் ஐஃபோன் 14 வெளியான சில வாரங்களுக்குள்ளேயே என்று வரிசையாக ஆரம்பித்தார்கள். 2025 மே மாதம் ஆப்பிள் தலைவர் டிம் குக், அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐஃபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்தவையாக இருக்கும் என்றார். சந்தோஷம்தான். ஆனால் 2023-இல் ஐஃபோன் 15 வந்தபோது அமெரிக்காவில் 799 டாலர். இங்கே 79,900 ரூபாய். அன்றைய டாலர் 83 ரூபாய் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 66,000 சொச்சம் வரும். அங்கே கடை வரி தனி என்று வைத்துக்கொண்டாலும் இடிக்கிறது. இங்கே விலைக்குள்ளேயே 18 சதவிகித ஜி.எஸ்.டி. வேறு உட்கார்ந்திருக்கிறது. பசு நம் வீட்டில். பால் டாலஸ் மச்சானுக்கு மலிவு.

* * *

என் சித்தி பொண்ணு 2022-இல் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தாள். பிளஸ் டூ முடித்தவள். ஃபோன் கம்பெனி. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கான்ட்ராக்ட் ஆள் அவள். எனக்குப் பொழுதுபோக்கு, அவளுக்குச் சோறு.

ஹாஸ்டலில் ஒரு ரூமில் பலபேர். இந்த ஹாஸ்டல் சமாசாரம் எவ்வளவு பெரிசு என்பது 2021 டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது. ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போக, மற்ற பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் செய்தியையும் நான் இரண்டு கேமரா விமர்சனங்களுக்கு நடுவில்தான் பார்த்தேன். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்குகிற குடியிருப்பைத் திறந்தது. அந்தப் படுக்கைகளை எண்ணிப் பார்த்தால் ஒரு சின்ன டவுன்!

போன வருஷம் ஆனி மாதம். மூன்று வாரம் முன்னால்தான் நான் ஒரு பெரிய ஃபோன் வாங்கியிருந்தேன். எண்பதாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைச்சல். மாதம் 3,329 ரூபாய், 24 மாதம், வட்டியில்லை. ('பிராஸஸிங் ஃபீ' என்று ஒன்று உண்டு. வட்டிக்கு இங்கிலீஷ் பெயர்.) ஞாயிற்றுக்கிழமை சித்தி பொண்ணு வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பெருமையாக அவள் கையில் கொடுத்தேன். கேமரா, ஜூம் என்று நான் ஆரம்பிப்பதற்குள், அவள் ஃபோனை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். விரல் நகத்தை விளிம்பு நெடுக ஓட்டினாள். பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிக் காதுக்குப் பக்கத்தில் சத்தம் கேட்டாள். அரை நிமிஷம் கூட ஆகியிருக்காது.

"கிளாஸ் யாருண்ணா ஒட்டினது?"

"தாம்பரத்துல கடையில. ஒன்பது ஹெச் டெம்பர்டு! ஏன்?"

"தூசி இருக்கு பாரு. இங்க. என் ஸ்டேஷன்ல வந்திருந்தா தூக்கிப் போட்டிருப்பேன்."

மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. குழந்தையிடம் செல்லோ டேப் வாங்கினாள். ஓரத்தை நகத்தால் நெம்பி, டேப்பை உள்ளே விட்டு ஒற்றி எடுத்து, விரலால் ஒரு இழு. முடிந்தது. டேப்பில் ஒட்டியிருந்த புள்ளி அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. இருபது வருஷமாக ஃபோன் நிபுணன்!

அவள் தினம் பார்ப்பது இதைத்தான். ஒரு பீஸுக்கு இருபத்து நாலு விநாடி. வளையல், மோதிரம், கொலுசு, ஹேர்பின் எதுவும் கூடாது. தொப்பி, கோட்டு. மணிக்கட்டில் தரையோடு இணைத்த ஒரு பட்டை. நடந்தாலே நம் உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். மூவாயிரம் வோல்ட் வரைக்கும் நமக்கு ஒரு 'சுருக்' கூடத் தெரியாது. சில சிப்புகளுக்கு நூறு வோல்ட்டே எமன். அதனால் அந்தப் பட்டை.

"உன் ஃபோன் எங்க வெச்சிருப்ப?"

"லாக்கர்ல. ஃபோன் கம்பெனிக்குள்ள ஃபோன் கொண்டு போகக் கூடாதுண்ணா" என்று சிரித்தாள். அவள் ஃபோன் ஒன்பதாயிரம் ரூபாய், மூலையில் விரிசல்.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது. "வரேண்ணா" என்று போய்விட்டாள்.

நாலு நாள் கழித்துச் சித்தி ஃபோனில் பேசினாள். பேச்சுவாக்கில் வந்தது. தம்பிக்கு பாலிடெக்னிக் ஃபீஸ் 18,000 கட்டணும். அதைக் கேட்கத்தான் இவள் வந்திருக்கிறாள். "அண்ணனே இப்பத்தான் எம்பதாயிரத்துக்கு ஃபோன் வாங்கி மாசாமாசம் கட்டுதாம்மா, எப்படிக் கேக்கறது?" என்றாளாம்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஃபோனை எடுத்துக்கொண்டு தாம்பரம் கடைக்குப் போனேன். "மூணு வாரம்தான் ஆச்சு, ஒரு கீறல் இல்ல" என்றேன். கடைக்காரர் அதே போல ட்யூப்லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அம்பத்தாறு" என்றார். மூன்று வாரத்தில் 23,900 ரூபாய் ஆவி! யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து அவளுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை, லாக்கரில் இருக்கும். ஷிஃப்ட் முடிந்து அவளே கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"விக்காதண்ணா."

"உனக்கு வேணும்ல?"

"எனக்கு வேணும்தான். அதுக்காக வாங்கறதை விட்றாத. ஆர்டர் கம்மியானா எங்களைத்தான் மொதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க. போன தடவை பன்னெண்டு நாள் வரவேணாம்னுட்டாங்க, சம்பளமும் கெடையாது. நாங்க லைன்ல உக்காந்து சாமி கும்பிடுவோம், தெரியுமா? யாராச்சும் பைத்தியக்காரனுங்க புதுசு வாங்கிட்டே இருக்கணும்னு!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. "உன்னைச் சொல்லலண்ணா" என்றாள்.

நான் ஃபோனை விற்கவில்லை. வீட்டுக்கு வந்து பீரோ அடித்தட்டைத் திறந்தேன். 11 ஃபோன், 2 டாப்லெட், பெயர் தெரியாத 17 சார்ஜர், ஒரு கைக்கடிகாரம் (இதயத் துடிப்பு காட்டும், மேஜையில் கழற்றி வைத்தாலும் 72 காட்டும்). எல்லாவற்றையும் மூட்டை கட்டி ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். மொத்தம் 6,400 ரூபாய் கொடுத்தார்கள். அதில் 199 ரூபாய் கொடுத்து நம்பர் ஏற்றிய சீனத்து ஃபோனைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மீதிக்கு மனைவியின் சீட்டுப் பணத்தில் கை வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் வைத்த 1100-ஐ மட்டும் மூட்டையிலிருந்து எடுத்துத் திரும்பப் பீரோவில் வைத்தவள் அவள்தான்.

தம்பி மெக்கானிக்கல் சேர்ந்துவிட்டான். சித்தி பொண்ணு, வேண்டாம் என்றாலும் கேட்காமல், மாதம் 2,000 ரூபாய் அனுப்புகிறாள். சம்பள நாளன்று என் ஃபோனில் 'டிங்' என்று சத்தம் வரும். எப்போதும் சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்குத்தான். ஷிஃப்ட் முடிந்து, மெட்டல் டிடெக்டர் தாண்டி, லாக்கரைத் திறந்து அவள் தன் ஃபோனைக் கையில் எடுக்கிற நேரம் அது.